மனை எண் 212

எங்கள் வீட்டைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரே ஒரு செங்கல் வைத்தேன். அது கோணல் என்று மேஸ்திரி பிடுங்கிப் போட்டுவிட்டார்.

மீதிச் செங்கல்லை எல்லாம் சுமந்தவர்கள் சாயம்மாவின் அப்பாவும் அம்மாவும். பாலமூர்ப் பக்கம் மழை பொய்த்துப்போய் ஐதராபாத்துக்கு வந்தவர்கள். நாங்களும் வந்தவர்கள்தான். குஷாய்குடா தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது; வந்தோம். எங்களைப்போல் ஆயிரம் குடும்பம் வந்ததால், முள்ளுக்காடாக இருந்த இடமெல்லாம் வீடாக எழும்பிக்கொண்டிருந்தது.

எங்கள் மனையின் மூலையில், ஒரு தகரக் குடிசையில் சாயம்மா இருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஆனால் என்னோடு மூன்றாம் வகுப்பு. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நான் வாங்கிய முப்பத்தாறு மார்க்குக்கு அவள் பொறுப்பல்ல.

பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலை, அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே?"

"வீடு முடிஞ்சுதே. மத்தியானம் லாரி வருது. ராமச்சந்திராபுரம் பக்கம். அங்கேயும் ஃபாக்டரி இருக்காம், வீடு கட்டணுமாம்."

வீடு சீக்கிரம் முடியணும் என்று தினமும் பிள்ளையாரை நச்சரித்தவன் நான். அன்று அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"டி.சி. வாங்கிட்டியா?" என்றேன்.

"அது என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடம் விட்டுப் பள்ளிக்கூடம் மாறத் தேவையான காகிதம் அது. திருச்சி, பெங்களூர் என்று ஊர் மாறும்போதெல்லாம் அப்பா முதலில் என் டி.சி.யை எடுத்துக்கொள்வார், ஞாபகம் இருந்தால் என்னையும்.

"அது இல்லாம அடுத்த ஊர்ல எப்படிச் சேர்ப்பாங்க?"

"ஒண்ணாம் வகுப்புலதான். மூணு இடத்துலயும் அப்படித்தான் போட்டாங்க. இங்கே டீச்சர்தான் பாவம் பார்த்து மேலே ஏத்தினாங்க. இனிமே நக்கோ. வேண்டாம்பா. குட்டிப் பசங்க சிரிக்கிறாங்க. நானும் செங்கல் தூக்கப் போறேன்."

அழாமல் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவளையும் அவள் அப்பாவையும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார். சாயம்மா நிரப்பினாள், அவள் அப்பா கைநாட்டு வைத்தார்.

"புது முகவரி?"

"லாரி எங்கே இறக்கி விடுதோ அங்கே, சார்" என்றார் அவள் அப்பா.

குமாஸ்தா பேனாவை மூடினார். "முகவரி இல்லாம டி.சி. கிடையாது."

நான் ஓடினேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி சார்! அடுத்த வீட்டோட முகவரி என்ன?"

"வீடு எங்கேடா இருக்கு? வெறும் பாறை!"

"பாறைக்கு நம்பர் உண்டா?"

"மனை நம்பர் இல்லாம யார் கட்டுவா? இருநூத்திப் பன்னிரண்டு. எதுக்கு? அங்கேயும் வந்து கோணல் செங்கல் வைக்கப் போறியா?"

திரும்பி ஓடினேன். வழியில் ஒரு செருப்பு போயிற்று.

"மனை எண் 212, ராமச்சந்திராபுரம்" என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அங்கே வீடு இருக்கா?"

"இவங்க போய்க் கட்டினா இருக்கும், சார்."

அவர் சாயம்மாவின் அப்பாவின் காய்த்துப்போன கைகளைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்தார்.

லாரி கிளம்பியபோது டி.சி. சாயம்மாவின் மடியில் இருந்தது. 'நாலாம் வகுப்புக்குத் தேர்ச்சி' என்ற வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். எனக்குக் கையாட்ட மறந்துவிட்டாள்.

எனக்கென்று தனி அறை கிடைத்தது. அதில் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

ஜூலையில், அந்த முகவரிக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் வந்தது.

"நாலாம் வகுப்பு. முதல் பெஞ்சு. இங்கே சுவர் ஜன்னல் வரைக்கும் எழும்பிடுச்சு."

இரண்டு தடவை படித்தேன். உடனே இன்னொரு கார்டு எடுத்து, நலமா என்றுகூடக் கேட்காமல் எழுதினேன்:

"கூரை போடறதுக்குள்ளே டி.சி. வாங்கிடு."