நகராத வெயில்

அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் முதலில் விசாரித்தது சாப்பாட்டை அல்ல, கதவை. "கதவு திறந்துச்சா?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். வெளியே சூடும் ஈரமும் சேர்ந்து, உடம்பில் வியர்வை உலராத அளவுக்கு ஏறிவிட்டால் வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தக் காற்றில் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனிதன் பிழைக்க மாட்டான். கெஞ்சினாலும் கதவு திறக்காது.

கோவையில் இருந்த குமுதவல்லி, ஊத்தங்கரையில் தனியாக இருந்த அண்ணன் மாதையனிடம் தினமும் அதையே கேட்டாள்.

"இன்னிக்கும் இல்ல குமுதா. சன்னல் வழியா பாக்கறேன், வேப்ப மரத்துல ஒரு இலைகூட ஆடல. ஒரு காக்கா இல்ல. பக்கத்து வீட்டுல காலையில சுவத்தைத் தட்டுவாங்க, நானும் பதிலுக்குத் தட்டுவேன். இன்னிக்கு நான்தான் தட்டிக்கிட்டே இருந்தேன்."

அந்த வெயிலை அங்கே நிறுத்தி வைத்திருப்பவர்களில் அவளும் ஒருத்தி.

முன்பெல்லாம் வானத்தின் உயரத்தில் ஓடிய காற்றாறு வெயிலையும் மழையையும் ஓரிடத்தில் தங்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகும். துருவத்துக் குளிருக்கும் நம் பக்கத்துச் சூட்டுக்கும் இருந்த வித்தியாசம்தான் அதற்கு வேகம் கொடுத்தது. துருவம் சூடேறவும் ஆறு தளர்ந்தது. கோணல்மாணலாக வளைந்து அங்கங்கே தேங்கியது. தேங்கிய இடத்தில் மேலிருந்து காற்று அமுங்கி இறங்கும். அமுங்க அமுங்கச் சூடேறும், மேகத்தைக் கூடவிடாது. ஏரியிலும் வயலிலும் எழுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியிலேயே புழுங்கும். இந்த மூடிக்கு வெப்பக்கவிகை என்று பெயர் வைத்தார்கள்.

பெரிய நகரங்கள் உந்துகோபுரங்களைக் கட்டிக்கொண்டன. கவிகை நெருங்கினால் கோபுரம் உயரத்துக் காற்றை அதிரவைத்து அதை அப்பால் தள்ளும். கோவைக் கோபுரத்துக்குக் குமுதவல்லி பொறுப்பாளர்.

அன்று அவள் கணிப்பு இயந்திரத்திடம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். நாம் தள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

கவிகை மேற்கே நகர்ந்து, இரண்டு நாள் கோவையை வாட்டிவிட்டுக் கடலுக்குப் போய்க் கலைந்துவிடும் என்றது இயந்திரம். கோவை கிழக்கே தள்ள, சென்னை மேற்கே தள்ள, கோபுரம் இல்லாத ஊர்களின் தலைமேல் அது அசையாமல் நின்றிருந்தது.

அவள் நகர மன்றத்திடம் ஓடினாள். "நம்மகிட்ட ஊர் முழுக்கக் குளிர்கூடம் இருக்குங்க. ரெண்டு நாள் உள்ள இருந்தாப் போதும். அங்க வீட்டுக்குள்ளயே தண்ணி தீந்து சனங்க செத்துட்டு இருக்காங்க!"

"நாங்க எப்படிங்க முடிவு பண்றது?" என்றார் தலைவர். "ஊர்க்காரங்க ஓட்டுப் போடட்டும்."

மணிக்கட்டில் பதித்திருக்கும் அடையாளச் சில்லைத் தொட்டாலே ஓட்டு விழுந்துவிடும். அன்று மாலை வரை நேரம் கொடுத்தார்கள்.

அதற்குள் குமுதவல்லி யார் யாரையோ பிடித்து ஒரு குளிர்வண்டியை ஊத்தங்கரைக்கு அனுப்பினாள். வண்டியில் ஓர் ஆளுக்குத்தான் இடம். வண்டிக்காகக் கதவு திறந்தபோது மாதையன் ஏற மறுத்தாராம். "பக்கத்து வீட்டுல குழந்தைங்க இருக்குது. மொதல்ல அந்தக் கோபுரத்தை நிறுத்தச் சொல்லு" என்று தொலைபேசியிலேயே அழுதார். "அதுக்குத்தான் அண்ணா ஓட்டுப் போடறாங்க, வாங்க" என்று சமாதானம் சொல்லி வரவழைத்தாள். நகர எல்லையில் அவர் சில்லையும் கோவை ஓட்டுப் பட்டியலில் பதிந்துகொண்டார்கள்.

வந்தவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பிறகு மொட்டை மாடிக்குப் போய், பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த காற்றில் கண்ணை மூடி நின்றார்.

மாலையில் முடிவு வந்தது. தொடர்ந்து தள்ள வேண்டும், இன்னும் வேகமாக. நிறுத்தச் சொல்லி விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

குமுதவல்லி அதை இரண்டு முறை படித்தாள். அது அவள் போட்டது.

மாடிப்படி ஏறிப் போனாள். "அண்ணா, உங்களுக்குச் சில்லு வேலை செய்யலையா?"

"செஞ்சுதே." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிழக்கே வானம் செம்பு நிறத்தில் அசையாமல் நின்றது.

"அங்க எல்லாரும் பழகிட்டாங்க குமுதா," என்றார் மெதுவாக. பிறகு தோளைக் குறுக்கிக்கொண்டார். "இங்க காத்து சில்லுனு அடிக்குது. ஒரு போர்வை இருந்தா குடேன்."