பொட்டு வைத்த ஆறாவது பெட்டி

சேரன்மகாதேவியில் கால்வாயை ஒட்டி இருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னால் மாரிராஜ் குட்டியானை வண்டியை நிறுத்தியபோது காலை பதினோரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. வயலில் நாற்று நடுகிற பெண்களின் பேச்சும் சிரிப்பும் தெரு வரைக்கும் கேட்டன. பேய்க்கு ஏற்ற நேரமும் இல்லை, இடமும் இல்லை. மாரிராஜும் அப்படி எதையும் நினைத்துக்கொண்டு வரவில்லை.

அவனுக்கும் ஷமீமுக்கும் ஒன்பது வருஷமாக ஒரே பிழைப்பு. இழுத்து மூடிய பிரவுசிங் சென்டர், கைவிட்ட ஆபீஸ், பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம் என்று எங்கே பழைய கம்ப்யூட்டர் தூசி அடைந்து கிடந்தாலும் போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். பிரித்து, துடைத்து, ஓடுகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு பாகத்தையும் ஆன்லைன் ஏலத்தில் போடுவார்கள். நமக்குக் குப்பையாகத் தெரிவதற்காக எங்கேயோ ஒருத்தன் தவம் கிடப்பான்.

பேசி வாங்குவதும் துடைப்பதும் மாரிராஜ். பிரிப்பது, சோதிப்பது, போட்டோ எடுத்து ஏலத்தில் ஏற்றுவது எல்லாம் ஷமீம். மேலப்பாளையத்துக்காரன். ஸ்குரூ டிரைவரைப் பிடித்துவிட்டால் அவன் கையை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். "ரெண்டு வீட்டுச் சோறும் இவன் கையிலதான் இருக்கு" என்று மாரிராஜ் எவர் வந்தாலும் சொல்லுவான். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத அவனுக்கு ஷமீம்தான் எல்லாம்.

ஆயுதபூஜை முடிந்து நாலே நாள். அந்த வாரம் வாங்கிய பெட்டி ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. கிரைண்டருக்கு வைக்கிற மாதிரி கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிற ஊர் நம்முடையது. ஏலத்தில் எடுக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியுமா? போட்டோவைப் பார்த்துத் துரு என்பான், கறை என்பான், பார்சலைத் திருப்பி அனுப்புவான். அதனால் எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் மாரிராஜ் செய்கிற முதல் வேலை, தின்னரில் துணியை நனைத்துப் பொட்டை அழிப்பதுதான்.

பூட்டைத் திறந்துவிட்டவள் பிரம்மநாயகி. ஐம்பது வயதிருக்கும், வெளுத்த சேலை, வெறும் நெற்றி.

"போன்ல சொன்னேம்லா தம்பி, அஞ்சு கம்ப்யூட்டர். எடுத்துட்டுச் சட்டுனு கெளம்புங்க."

"நீங்க உள்ள வரலியாக்கா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லல்லா" என்றாள். என்ன பதில் இது என்று அவன் யோசிப்பதற்குள் தெருவைக் கடந்து எதிரே பூவரச மரத்து நிழலில் போய் நின்றுகொண்டாள்.

உள்ளே வௌவால் எச்சமும் ஊறிப்போன பலகையும் சேர்ந்த வாடை. முன் கூடத்தில் சுவரோரமாக ஆறு தடுப்புகள், ப்ளைவுட் பலகையில். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பிரவுசிங் சென்டராக இருந்தபோது அந்த ஊர்ப் பையன்கள் பரீட்சை ரிசல்ட் பார்க்க அடித்துப் பிடித்து வந்த இடம். கரண்ட் மீட்டரைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் அதன் அடையாளம் மட்டும் இருந்தது.

ஐந்து தடுப்புகளில் தூசியும் பல்லி முட்டையும். ஆறாவதில் தூசியே இல்லை. சிபியு பெட்டியின் நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே செவ்வரளி மாலை. முன்னால் பழைய காலத்துக் கனமான கீபோர்டு. ஒரு பட்டனைத் தட்டினால் டக்கென்று நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த மாதிரி கீபோர்டு ஏலத்துக்கு வந்தால் வெட்டுப்பழி குத்துப்பழி என்று சண்டை போட்டு வாங்குவார்கள்.

மாரிராஜ் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அஞ்சுன்னா சொன்னாங்க? ஆறு இருக்குலே. வாயத் தொறக்காத."

ஷமீம் விரலால் சந்தனத்தைத் தொட்டான். "ஈரமா இருக்குலே மாரி."

"ஆயுதபூஜைக்கு வந்து வச்சிருப்பாங்க."

"வச்சா மத்த அஞ்சுக்கும் வைக்கணும்லா? வேண்டாம்லே, ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்."

கேட்டிருக்கலாம். பத்தடி நடந்தால் பூவரச மரம். ஆனால் கேட்டால் ஆறாவது பெட்டி கைநழுவிப் போகும் என்ற நினைப்பு மாரிராஜைப் பிடித்துக்கொண்டது. மாலையை உருவித் தரையில் போட்டான். தின்னரில் நனைத்த துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

பொட்டு அழியவில்லை. இரண்டாவது இழுப்பில் துணி சிவந்தது. மூன்றாவது இழுப்பில் துணி நனைந்து, அவன் மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் வழிந்தது. குங்குமம் இப்படி வழியாது. விடியக்காலையில் கறிக்கடை முன்னால் அடிக்கிற வாடை கூடமெங்கும் அடித்தது.

பெட்டிக்குள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

கரண்ட் இல்லாத வீடு. வயர் இல்லாத பெட்டி.

"ஷமீமு, எந்திரிலே. போவோம்."

கீபோர்டைத் தட்டிப் பார்ப்பதற்காக ஷமீம் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் பட்டன்கள் மேல். முகம் வெளுத்திருந்தது.

"கை வரமாட்டேங்கு மாரி."

வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வயல் பேச்சு நின்றுபோனது. முதல் தடுப்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சத்.

முதல் தடுப்பின் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்து விழுந்தது. அரிவாள் வெட்டு. வெட்டிய ஆளைக் காணோம்.

சத். இரண்டாவது தடுப்பு. ஒரு மானிட்டர் இரண்டாகி உருண்டது.

மாரிராஜ் ஷமீமின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தான். நாற்காலி தரையோடு முளைத்த மாதிரி அசையவில்லை. ஷமீமின் மணிக்கட்டுகளில் தோல் அமுங்கிக் குழி விழுந்திருந்தது. யாரோ எதிரே நின்று மேஜையோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"இழுலே! அல்லாவே... இழுலே மாரி!"

சத். மூன்று.

மாரிராஜ் மேஜையை உதைத்தான், கீபோர்டைப் பிடுங்கப் பார்த்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

சத். நான்கு. பலகைச் சிராய் பறந்து வந்து அவன் கன்னத்தில் ஏறியது.

ஐந்தாவது தடுப்பு பிளந்ததும் எதிரே வெறும் காற்றுதான் இருந்தது. அவன் ஷமீமுக்குக் குறுக்கே போய் நின்றான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தோளில் இறங்கியது. முதலில் குளிர்ச்சி, அப்புறம் நெருப்பு. சட்டையும் சதையும் சேர்ந்து கிழிய, சுவரில் போய் மோதி விழுந்தான்.

விழுந்த இடத்திலிருந்து அவன் பார்த்தான்.

சத்.

ஷமீமின் வலது கை மணிக்கட்டோடு தனியாகப் போனது. ஒரே வெட்டு. எலும்பு முறிகிற சத்தமும் ஷமீமின் அலறலும் ஒன்றாக எழுந்தன. ரத்தம் கீபோர்டில், மானிட்டரில், மாரிராஜின் முகத்தில் பீய்ச்சி அடித்தது. பட்டன்களின் இடுக்கில் ரத்தம் நிரம்பி மேஜை விளிம்பில் கொட்டியது.

மேஜையில் பதிந்த அரிவாள் முனகிக்கொண்டு விடுபட்டது. இப்போது அது தெரிந்தது. காற்றில் ரத்தம் ஒரு வளைந்த கோடாகத் தொங்கிக்கொண்டு மேலே போனது. அரிவாளின் வாயில் ஒட்டிய ரத்தம். அது ஷமீமின் இடது கைக்கு நேராக ஓங்கி நின்றது.

தான் அழித்த பொட்டு மாரிராஜின் நினைவுக்கு வந்தது. சந்தனத்துக்கு எங்கே போவான்? தவழ்ந்து வந்து மேஜையில் வழிந்த ரத்தத்தில் கட்டை விரலை முக்கிப் பெட்டியின் நெற்றியில் அழுத்தினான். "விட்ருய்யா, இவன விட்ரு. தெரியாமச் செஞ்சிட்டேன். இவன விட்ரு!"

இறங்கி வந்த கோடு இடது கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. சொட்டுச் சொட்டாக ரத்தம் உதிர்ந்து கோடு கலைந்தது. ஃபேன் நின்றது. ஷமீம் துவண்டு சரிந்தான்.

கதவு திறந்துகொண்டது. வெளியே பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரம்மநாயகி ஓடி வந்தாள். வாசலில் ஷமீமைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப் பார்த்து, "அஞ்சுன்னுதான தம்பி சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சேலை முந்தானையைக் கிழித்து ஷமீமின் கையைக் கட்டுவதற்குள் மாரிராஜ் மறுபடி உள்ளே போனான். துண்டான கையைப் பத்திரமாகக் கொண்டுபோனால் ஒட்ட வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். மேஜை மேல், அடியில், பிளந்த பலகைக்குள் என்று தேடினான்.

எங்கேயும் இல்லை.

மாரிராஜ் வண்டியை விரட்டினான். மடியில் ஷமீமின் தலையைத் தாங்கிக்கொண்டு பிரம்மநாயகி பேசினாள்.

"அந்தக் கடை என் கொழுந்தன் நடராஜோடது. வீட்ட விக்கக் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரரு, ஐயம்பெருமாள்னு பேரு, இந்தப் பகல் நேரத்துலதான் அருவாளோட போனாரு. போடமாட்டேன்னு சொன்ன கை ரெண்டையும் மொதல்ல வெட்டுனாரு. பொறவுதான் கழுத்து. கைய ஆத்துல வீசிட்டாரு தம்பி. தேடித் தேடிப் பாத்தும் அகப்படல. கையில்லாமத்தான் அவன எரிச்சோம். இவரும் ஜெயில்லயே செத்தாரு. அதுலேருந்து அந்த வீட்ல எவனும் இருக்க முடியல. வெட்டுப்பட்டுச் செத்தவன்லா, அவன் இருந்த எடத்துலயே சாமியா நெனச்சு நெலயம் குடுத்து, வெள்ளிக்கு வெள்ளி நாந்தான் சந்தனம் வைக்கேன். பேரச் சொல்லவே பயந்துதான் அஞ்சுன்னு சொன்னேன். நாந்தான் பாவி."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "எப்படித் தம்பி நிறுத்துனீங்க?"

"பொட்டு வச்சேன்."

"சந்தனம் ஏது?"

"ரத்தம்தான்க்கா."

"யாரு ரத்தம்?"

மாரிராஜ் ஸ்டியரிங்கில் இருந்த தன் கட்டை விரலைப் பார்த்தான். அவன் தோளிலேயே வேண்டிய மட்டும் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்த அவசரத்தில் அவன் விரல் போனதோ ஷமீமின் ரத்தத்துக்கு. பிரம்மநாயகி அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஷமீமின் இடது கையைப் பிடித்திருந்தவள் சூடு பட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டாள். "யாரு ரத்தத்துல பொட்டு வச்சீங்களோ, அந்த ஆளையே அவனுக்கு நேந்து விட்டாச்சுல்லா" என்று முனகினாள்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார். மாரிராஜ் வராந்தாவில் குந்தி வாய்விட்டு அழுதான். உயிர் இருக்கிறதே, அது போதும். இனி இவனுக்குக் கையாக நான் இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். தோளில் இருபத்திரண்டு தையலோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஷமீம் மருந்து மயக்கத்தில் தூங்கினான். வலது மணிக்கட்டில் உருண்டையாகக் கட்டு. இடது கை போர்வை மேல் மல்லாந்து கிடந்தது.

மாரிராஜின் போனில் ஏலக் கணக்கிலிருந்து மணி அடித்தது. புதுச் சரக்கு ஏற்றியாயிற்று என்ற செய்தி. ஏற்றுகிறவன் இங்கே கண்ணை மூடிக் கிடக்கிறான்.

அவன் திறந்து பார்த்தான்.

போட்டோவில் அந்தக் கனமான கீபோர்டு. அதன் மேல் மணிக்கட்டோடு ஒரு வலது கை. விரல்கள் மட்டும் அசைந்து மங்கலாக விழுந்திருந்தன.

'வலது கை. பயன்படுத்தியது. சோதித்துப் பார்த்தாயிற்று, நன்றாக வேலை செய்கிறது. ஏலம் முடிந்தது.'

அதற்குக் கீழே இன்னொன்று. போட்டோவில் இந்தக் கட்டில், இந்தப் போர்வை.

'இடது கை. ஏலம் கேட்டவர் ஒருவர். முடிய நான்கு நிமிடம்.'

மாரிராஜ் போனைப் போர்வை மேல் போட்டுவிட்டு ஷமீமின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நர்ஸைத் தேடி எட்டிப் பார்த்தான், காணோம். வார்டில் நாலு பக்கமும் ஆட்கள். ஒருத்தர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

போன் திரை ஒரு முறை மங்கித் தெளிந்தது. போட்டோ மாறியிருந்தது. அதில் இப்போது ஷமீமின் கையும், அதைப் பொத்திப் பிடித்த அவனுடைய இரண்டு கைகளும் இருந்தன. கீழே எழுத்தும் மாறியிருந்தது.

'கைகள், மொத்தம் மூன்று. முடிய மூன்று நிமிடம்.'

படித்து முடித்த பிறகும் மாரிராஜ் கையை எடுக்கவில்லை.