ஒரே ஒரு இழுப்பு

சிலிண்டரின் வால்வை மூடிய பிறகும் அளவுமானியின் முள் இறங்கியது.

மூடிவிட்டால் முள் அசையக் கூடாது. முக்குளிப்புச் சாமான்களைப் பழுது பார்க்கிற அவனுக்கு அதுதான் முதல் சோதனை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று பெயரெடுத்தவன். இந்தப் பழைய செட்டை அவன் மனைவி காலையில்தான் வாங்கி வந்திருந்தாள். நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் கடலில் இறங்கப்போகிறாள். இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழிகூட இல்லை. ரப்பர் வாடையும் உப்பு வாடையும் கலந்து கிடந்த அந்த அறையில், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, புதிதாக மாட்டிய, பல்லில் கடித்து மூச்சிழுக்கும் ரப்பர் வாய்க்கவ்வியைக் காதோரம் வைத்துக் கேட்டான். காற்று வெளியே சீறவில்லை. யாரோ நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை யார்கிட்ட வாங்கின?"

"ஒரு அம்மாகிட்ட. அவங்க புருஷனோடதாம்," என்றாள் கூடத்திலிருந்து. "அவருக்கு இனிமே தேவைப்படாதாம்."

"கழுவாம வாயில வெச்சியா?"

"ஒரே ஒரு இழுப்பு. இழுத்துப் பாக்காம எப்படிங்க வாங்குறது? சரியான சந்தேகப் பிராணி நீங்க."

அவன் செட்டைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தான். அவள் நெஞ்சு ஏறியது, முள் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது.

குழாயில் எஞ்சியிருந்த காற்றும் தீர்ந்து முள் பூஜ்யத்தைத் தொட்டது.

நாற்காலி சரிந்தது. அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயை அகலத் திறந்தாள். உள்ளே எதுவும் போகவில்லை. அவன் சட்டென்று வால்வைத் திறந்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

"மூடாதீங்க," என்றாள். "கால்ல விழுறேன், மூடாதீங்க."

மூடவில்லை. ஆனால் சிலிண்டர் எத்தனை நேரத்துக்கு வரும்? காற்று நிரப்பும் கடை ஊர்க்கோடியில். கடைக்காரன் போன் எடுக்க மாட்டேன் என்கிறான். முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. அளவுக்கு மீறிய வேகம். ஒருத்தி இழுக்கிற காற்றா இது?

உற்றுப் பார்த்தான். அவள் இழுக்கிறாள், முள் இறங்குகிறது. அவள் மூச்சை விடுகிறாள். அப்போதும் இறங்குகிறது.

கடலுக்கடியில் ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனால், இருவர் ஒரே வாய்க்கவ்வியில் மாற்றி மாற்றி இழுப்பார்கள். அவள் ஒரு முறை. இன்னொருவர் ஒரு முறை.

அவள் முறை முடிந்தது.

அடுத்த இழுப்பு நீண்டது.

அவள் காத்திருந்தாள், வாயைத் திறந்தபடி, அவனையே பார்த்தபடி. உதடு நீலமானது. தொங்கிக்கொண்டிருந்த புது ரப்பரில் பெரிய பல் தடங்கள் மெல்ல அழுந்தின.

இழுப்பு நிற்கவில்லை.