பேய் அடித்த தடம்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த தமாஷை நாகையா வாசலிலேயே எடுத்து விட்டார். இளைய மகள் தங்கமணி சிரிக்கவில்லை. அவள் கண் முதலில் படிக்கட்டுக்குப் போனது. புருஷனுடைய செருப்பு அங்கே இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சிரித்தாள். அதற்குள் தமாஷ் ஆறிப்போயிருந்தது.

"ஒங்கம்மாவே தேவலாம்டி. சிரிக்காட்டியும் திட்டவாவது செய்வா."

"உள்ள வாங்கப்பா. மழை வருது."

நாகையாவுக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. "ரயிலையே திருப்பி விடுறவன், ஒரு பேயைத் திருப்பி விட மாட்டேனா?" என்று புறப்படும்போது மனைவி காமாட்சியிடம் வீரம் பேசியிருந்தார். பேசும்போதே தொடை நடுங்கியது. வேட்டி அகலமாக இருந்ததால் மானம் பிழைத்தது.

அவர் பயந்த பேய் வேறு யாருமில்லை. மூத்த மகள் வீரம்மாதான்.

அவள் உயிரோடு வந்த கடைசித் தீபாவளியில், எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த காமாட்சிதான் முதலில் பார்த்தாள். முதுகில் ஐந்து விரலும் அப்படியே பதிந்த கருநீலத் தடம். என்னடி இது என்று கேட்டதும் வீரம்மா வாயைத் திறந்தாள்; மூடினாள்; மறுபடியும் திறந்தாள். பதில் சொல்வதில் யாரையும் முந்தவிட்டுப் பழகாத நாகையா முந்திக்கொண்டார்.

"பேய் அடிச்சிருக்கு! ஆத்தங்கரை வீடு, கேக்கணுமா?"

திறந்த வாயை வீரம்மா மூடிவிட்டாள். பூசாரி பெரியகருப்பன் வேப்பிலையால் அடித்துத் தாயத்துக் கட்டியபோது அவள் அழக்கூட இல்லை. பேய் இறங்கிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளை தனியாகச் சோறாக்கித் தின்பாரே என்று மறுநாள் ரயிலிலேயே ஏற்றிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்பே செத்துப்போனாள். குளிப்பாட்டிய பெண்கள் உடம்பையும் நகம் பிய்ந்த விரல்களையும் பார்த்துவிட்டு, பேய்தான் அடித்தே கொன்றுவிட்டது என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள்.

உறவு விட்டுப்போகக் கூடாதென்று வைகாசியில் தங்கை தங்கமணியை அதே மாப்பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று. கித்தா கிட்டங்கியில், ரப்பர் எடையைக் கணக்கெழுதும் நிறுவைக் கிராணியாக இருக்கும் தம்புசாமி அப்படிப்பட்ட மாப்பிள்ளை. எறும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுவார். அவரே போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து கண் கலங்கினார்: "தங்கமணி மேலயும் அடி விழுது மாமா. அக்கா தங்கச்சிய விட மாட்டேங்கிறா."

அதனால்தான் இன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பூசாரி வருகிறார். ஏற்பாடெல்லாம் நாகையாவுடையதுதான்.

பொழுது சாய, தம்புசாமி நனைந்துகொண்டே வந்தார். மாமனாருக்கென்று வாங்கி வந்த சுருட்டுக் கட்டை நனையாமல் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "கொஞ்சம் உக்காருங்க மாமா, வந்துர்றேன்" என்று உள்ளே போனார். பலகைக் கதவு சாத்திக்கொண்டது.

முன்னறையில் நாகையா தனியாக இருந்தார்; தகரக் கூரையில் மழை இரைந்தது; ஆற்றின் சேற்று வாடையும், மாப்பிள்ளை சட்டையோடு வந்த கித்தாப் புகை நாற்றமும், சுவரோரம் எடுத்து வைத்திருந்த வேப்பிலையின் கசப்பும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்கின; விளக்குச் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தபோதெல்லாம், சுவரில் கிடந்த அவருடைய நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் உட்காருவதுபோலவும் எழுந்து போவதுபோலவும் இருந்தது.

'வீரம்மா, அப்பாதாம்மா. அப்பா ஒனக்கு என்னம்மா கொறை வச்சேன்?'

பளார்.

உள்ளே. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல. பிறகு ஒன்றுமில்லை. அலறல் இல்லை, முனகல்கூட இல்லை. அடி விழுந்தால் கத்துவதுதானே மனுஷ வழக்கம்?

பளார்.

வந்துவிட்டாள். மகளேயானாலும் பேய் பேய்தான். ஓடிவிடலாமா என்று கால் கேட்டது. உள்ளே இருப்பதும் மகள்தானே என்று நெஞ்சு சொன்னது. முட்டி போட்டு நகர்ந்தார். பலகை இடுக்கில் கண்ணை வைத்தார்.

தங்கமணியின் முதுகு. சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானை முழுவதும் வாய்க்குள்.

பின்னால் ஒரு கை ஓங்கியது.

சட்டைக் கை மடிக்கப்பட்டிருந்தது. ஒழுங்காக.

எறும்புக்கு வழிவிடும் முகம். அதில் கோபமே இல்லை.

பளார்.

ஐந்து விரல்.

வீரம்மா திறந்து மூடிய வாய். அவள் சொல்ல வந்தது. நாகையா சொல்லவிடாதது.

கதவில் மோதினார். தாழ். மறுபடியும் மோதினார். அந்நேரம் வாசலில் உடுக்கை குமுறியது. பெரியகருப்பனும் அண்டை வீட்டு ஆட்களும் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

"பேயில்லடா! இவன்தான்! இவன்தான் என் பிள்ளைய அடிச்சுக் கொன்னவன்! கதவ ஒடைங்கடா!"

உடுக்கை நின்றது. பூசாரி அவர் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"ஏறிடுச்சு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் ஏறலடா, மடையா!"

"வீரம்மாதான். பெத்தவர் வாயில வந்து புருஷன் மேல பழி போடுறா. பிடிங்க!"

பக்கத்து வீட்டு விஜயன் தோளைப் பிடித்தான். இன்னும் இருவர் காலை. எல்லாம் அன்பான கைகள். தாழ் விலகியது. தம்புசாமி எட்டிப் பார்த்தார். சட்டைக் கை இறக்கிவிடப்பட்டிருந்தது. கண்ணில் நீர் வேறு.

"ஐயோ, மாமா மேலயுமா! சாமி, அவரைப் பாருங்க. இவ பயந்துக்குவா, நான் உள்ள வச்சுப் பாத்துக்கிறேன்."

"போங்க தம்பி. என்ன சத்தம் கேட்டாலும் தொறக்காதீங்க" என்றார் பூசாரி.

நாகையா மகள் பெயரைக் கத்தினார். வாய் நிறையத் திருநீறு விழுந்தது. இருமினார், பேய் காறுகிறது என்றார்கள். வேப்பிலை முகத்தில் இறங்கியது. உடுக்கை ஏறியது. மழை ஏறியது. அவற்றுக்கு அடியில் அந்த ஓசை. தாளம் தப்பாமல்.

வேறு யாருக்கும் கேட்கவில்லை.

தரையில் அழுத்திய கன்னத்தோடு கிடந்தவருக்குக் கதவின் அடியிடுக்கு மட்டும் தெரிந்தது. அதன் வழியே ஒரு கை வெளியே வந்தது. மருதாணி போட்ட விரல்கள். பலகையைப் பிறாண்டின.

அதை ஒட்டியே இன்னொரு கை வந்தது. நனைந்து வெளுத்தது. விரல்களில் நகம் இல்லை. அது மருதாணிக் கையின் மேல் படிந்து பற்றிக்கொண்டது.

"போயிடும்மா, போயிடு" என்று பக்கத்து வீட்டுக் கோமதி அவற்றின்மேல் திருநீற்றைத் தூவினாள்.

இரண்டும் வலக்கைகள்.