ஒரு சனிக்கிழமை டோனட்

"அக்கட்டால போவாதீங்க! நில்லுங்க... நில்லுங்கன்னு சொல்றேனில்ல!"

கயல்விழிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். சைசிங் ஷெட்டுக்குள் நாலே நாலு அடிதான் வைத்திருந்தாள். அதற்குள் இப்படி ஒரு அதட்டல்!

குமாரபாளையத்தில் தறிக்குப் போகும் பாவு நூலுக்கெல்லாம் கஞ்சி ஏற்றிக் காய வைக்கும் இடம் அது. கொதிக்கும் கஞ்சி, சுற்றும் உருளைகள், பாய்லர் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவன் வந்தான். தோளில் ஒரு துண்டு. நெற்றியில் போட்ட நாமம் வியர்வையில் பாதி கரைந்திருந்தது. கண்கள் மட்டும்... சே, கத்துகிறவனுக்கு எதற்கு இப்படி ஒரு கண்?

"கத்தாதீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்குது."

"கத்தலைங்க. பேசினேன்."

"இதுதான் பேச்சா? நீங்க கத்தினா கூரை நிக்காது போல."

"அம்மிணி, உங்க தோளுக்குப் பின்னால கொஞ்சம் பாருங்க."

பார்த்தாள். ஒரு சாண் தூரத்தில் நீராவிக் குழாய். தொட்டிருந்தால் தோல் உரிந்திருக்கும். கன்னம் சூடானது, அதற்குக் குழாய் காரணமில்லை.

"சரி... நன்றி. ஆனா என் பேரு அம்மிணி இல்ல, கயல்விழி. பின்னாடி சந்துல குடியிருக்கோம்."

"மாதேஷுங்க. போசியில என்னங்க?"

"மாவு. உப்பவே மாட்டேங்குது."

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மைதா, ஒரு மணி நேரமாகியும் அப்படியே உருண்டையாக உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக விடாத மழை. வீடே சில்லிட்டுக் கிடந்தது. கதகதப்பாக ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தபோது, ஜன்னலுக்கு எதிரே புகைந்துகொண்டிருந்த இந்த ஷெட் கண்ணில் பட்டது.

"மாவு உப்பலீன்னு சைசிங்குக்குத் தூக்கிட்டு வந்தது ஊர்லயே நீங்க ஒருத்தருதானுங்க."

சிரிக்கிறானா? அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

"எங்கம்மாவுக்குங்க. எட்டு மாசமா ஈரோட்டுல கேன்சர் வைத்தியம். போன மாசந்தான் கடைசி ஊசி முடிஞ்சுது. சோறு இறங்கறதே இல்ல. இன்னிக்குக் காலைல அவங்களாவே வாயத் தொறந்து, டோனட் திங்கணும் போல இருக்குன்னாங்க. கடைல வாங்கினது ஒத்துக்காது. பசி வந்தா மத்தியானம் வரைக்குந்தான் நிக்கும். அப்புறம் குமட்டல் வந்துடும். அதான்..."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. முன்பின் தெரியாதவனிடம் இத்தனையையும் ஏன் கொட்டினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாதேஷின் சிரிப்பு நின்றது. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய், பாய்லர் அறைச் சுவரில் ஒவ்வொரு பலகையாகப் புறங்கையை வைத்துப் பார்த்தான். ஒன்று அதிகச் சூடு. ஒன்று போதாது. மூன்றாவதில் பாத்திரத்தை வைத்தான்.

"இங்க பொங்கீரும். நீங்க ஊட்டுக்குப் போயி அம்மாளப் பாருங்க."

முக்கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தபோது மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஐயோ... வந்துடுச்சுங்க!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அவன் மாவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு ஓடினாள். மாவைத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, நடு ஓட்டைக்கு அம்மாவின் டானிக் பாட்டில் மூடியைக் கழுவி அழுத்தினாள். வெட்டிய வளையங்கள் இன்னொரு தடவை உப்ப வேண்டும். தட்டோடு மறுபடியும் ஷெட்டில் விட்டுவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் அவனே தட்டைத் தன் குடைக்குள் பிடித்தபடி, தோள் நனைய வாசலுக்கு வந்து நின்றான்.

வளையங்கள் எண்ணெயில் மிதந்து, புரண்டு, பொன்னிறமாயின. அந்த மணம் வீடு முழுக்கப் பரவியது. அவள் அவற்றை ஆற வைத்துவிட்டு, மிக்ஸியில் பொடித்த சர்க்கரையில் பால் ஊற்றிக் குழைத்தாள். சமையலறை வாசலில் நின்றவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, ஆற வெச்சீங்கன்னா புடிக்காதுங்க. நூலும் இப்படித்தான். சூட்டோட முக்கி எடுக்கோணும். கஞ்சி இன்னும் இளக்கமா இருக்கோணும்."

"இது கஞ்சி இல்ல, கிளேஸ்."

"பேரு என்னவா இருந்தா என்னங்க. பதம் ஒண்ணுதான்."

முறைத்துக்கொண்டே இன்னும் இரண்டு கரண்டி பால் விட்டாள். சூட்டோடு ஒன்றை முக்கி எடுத்தாள். மெல்லிய கண்ணாடி போல மேலே படிந்து பளபளத்தது. அடப்பாவி... சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்!

உள்ளறைக் கட்டிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா சித்ரா. முதல் டோனட்டைக் கையில் வாங்கி, முகர்ந்து, ஒரு ஓரத்தைக் கடித்தாள். கயல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கடி. இன்னொன்று. விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைக்கூட நக்கினாள். எட்டு மாதத்தில் அம்மா முழுதாகச் சாப்பிட்டு முடித்த முதல் பண்டம்!

"யாரு கண்ணு அங்க?" என்று அம்மா திரும்பினாள். அதற்குள் மாதேஷ் துண்டை எடுத்து நெற்றியை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"எதிர் ஷெட்டுங்கம்மா. நல்லாச் சாப்பிடுங்க."

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே அழகான டோனட்டைத் தட்டில் வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் பார்வை ஒரு நொடி அடுப்பு மேடைக்குப் போய்த் திரும்பியது.

"வேண்டாங்க."

அத்தனை பெரிய குரல்காரன் அதை மட்டும் மெதுவாகச் சொன்னான். செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

கயல் தட்டோடு நின்றாள். அம்மாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வருவார்கள், வாசலில் நின்று விசாரிப்பார்கள், காபி என்றால் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். ஒட்டிக்கொள்ளுமாம்! இவனும் அப்படித்தானா? இவன் கண்ணைப் போய் நல்ல கண் என்று நினைத்தேனே...

அந்த வாரம் முழுக்க "அம்மா எப்படி இருக்காங்க?" என்று எதிர்ப் பக்கத்திலிருந்து குரல் வரும்போதெல்லாம் அவள் ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியபின் அதற்குப் பின்னாலேயே நின்றாள். அது வேறு விஷயம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா மறுபடியும் டோனட் கேட்டாள். கயல் துள்ளிக் குதித்துப் பாவாயி அக்கா கடைக்கு ஓடினாள்.

"அக்கா, நாலு முட்டை."

பாவாயி தராசை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, புரட்டாசி மூணாஞ் சனிக்கெழமையுமா வந்து முட்டை கேக்கற? மாசம் பொறந்ததுமே சனிக்கெழமையில முட்டைத் தட்டைத் தூக்கி உள்ள வெச்சுட்டனே."

புரட்டாசி...

எட்டு மாதமாக அவள் வீட்டில் தமிழ் மாதமே கிடையாது. முதல் ஊசி, இரண்டாம் ஊசி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். காலண்டரில் அவள் பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரித் தேதிகள்தான். டாக்டர் சொன்னார் என்று வாங்கி வைத்திருந்த முட்டையை, புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை, யோசிக்காமல் உடைத்து ஊற்றியிருக்கிறாள்! ஓடுகள் அடுப்பு மேடையிலேயே கிடந்தன. அவன் அதைத்தான் பார்த்திருக்கிறான்.

விரதக்காரன். முட்டை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே? ஏன் சொல்லவில்லை?

கடை வாசலிலேயே அவளுக்கு விடை கிடைத்தது. அவன் சொல்லியிருந்தால் அது அம்மாவின் காதில் விழுந்திருக்கும். காய்ச்சலில் கிடந்தாலும் புரட்டாசிச் சனியை விடாத அம்மா, வாயில் இருந்ததைக்கூட விழுங்கியிருக்க மாட்டாள். அதனால்தான்... நெற்றி நாமத்தைக்கூட அம்மா பார்க்குமுன் துடைத்துக்கொண்டான். அவள் அதை வியர்வை என்று நினைத்தாள்.

மடச்சி... மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சித்ரா கண்ணை மூடிக் கை கூப்பினாள்.

"தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்டி. அதைத் தின்ன பொறகுதான் சோறே இறங்குச்சு. பெருமாளே அந்தப் பையன் வாயை அடைச்சிருக்காரு. போ, போய்க் கூட்டிட்டு வா."

முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் விட்டு மாவு பிசைந்தாள். பாத்திரத்தோடு ஷெட் வாசலில் நின்றாள், இந்த முறை குழாயைப் பார்த்து ஒதுங்கி. மாதேஷ் வந்தான். புது நாமம், அதே கண்.

"முட்டை இல்ல. தயிர்தான்" என்றாள், எடுத்த எடுப்பில்.

அவன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான்.

"ஒரு வாரமா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். எங்க வீட்ல சாப்பிட அருவருப்புன்னு..."

"அப்படியா நெனச்சீங்க?" அவன் முகம் வாடிவிட்டது. "அம்மா அத்தன ருசியாத் தின்னாங்க. அதைப் போயிக் கெடுக்க முடியுமாங்க? என் விரதம் என்னோட இருக்கட்டும்னு வந்துட்டேன்."

"நன்றிங்க..." என்றாள். சொல் போதவில்லை. கண் மிச்சத்தைச் சொன்னது.

மதியம் அவன் அவர்கள் வீட்டு முன்னறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளறையில் அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். வெளியே தூறல். கயல் சுடச்சுட முக்கியெடுத்த டோனட்டை நீட்டினாள். அவன் கை கழுவிக்கொண்டு வந்து வாங்கினான். கடித்தான். உதட்டோரம் சர்க்கரை ஒட்டியது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எட்டு மாசத்துல எங்க வீட்ல கை நனைச்ச முதல் ஆள் நீங்கதான்."

அவன் தட்டைக் கீழே வைத்தான். உள்ளே படுத்திருப்பவளை நினைத்துக் குரலைத் தாழ்த்தினான். அதாவது, தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டான். பாய்லர் பக்கத்தில் வளர்ந்த தொண்டை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"எங்க பக்கமெல்லாம் பொண்ணு பாக்கப் போற ஊட்டுல, சம்பந்தம் முடிவாகாம கை நனைக்க மாட்டாங்கங்க. தெரியுமில்ல?"

"தெ... தெரியும்."

"தெரிஞ்சுதாங்க நானும் மூணு தின்னேன்."

அவள் மூச்சு நின்றது. மழை நின்றதா, தெரியவில்லை.

"அன்னைக்குக் கை தட்டிச் சிரிச்சீங்களே... அப்பருந்து எனக்கு வேற நெனப்பே இல்லைங்க. உங்களப் புடிச்சிருக்குது. ஆயுசுக்கும் இந்த ஊட்டுல சாப்பிடோணும். உங்களுக்கு..."

"மெதுவாப் பேசுங்களேன்..." அவள் முகத்தைத் தாவணி நுனியில் மறைக்கப் பார்த்து, சுடிதார் போட்டிருப்பது நினைவு வந்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "எனக்கும்தான்... ஜன்னலைச் சாத்திட்டு அதுக்குப் பின்னாடியே நின்னேன், போதுமா?"

உள்ளறையிலிருந்து சித்ராவின் குரல் வந்தது. பல மாதங்களாகக் கேட்காத, தெம்பான குரல்.

"தம்பி, எல்லாம் கேட்டுடுச்சு! அடுத்த சனிக்கிழமை உங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்களும் கை நனைக்கட்டும்... கயல், மாவை ரெண்டு பங்காப் போடு!"