போன நேரம்

மூன்று மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்தும்போது அவளுக்கு நெஞ்சு படபடத்தது. மாடிப்படி மேல் பழியைப் போடலாம். உண்மை வேறு. இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. அவள் போட்ட கையெழுத்தின்படி இது இரண்டாவது தடவை.

நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் டிக் மேடம். வீட்டோடு படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள நர்ஸுகளை அனுப்பும் கம்பெனிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் உத்தியோகம். படுக்கை சுத்தமா, மருந்து வேளைக்கு வேளை போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு டிக். வால் நுனியில் சின்னச் சுழி வைத்து அவள் போடும் டிக்கைப் பார்த்தாலே யார் போட்டது என்று தெரிந்துவிடும். யோசிக்கும்போது பேனாவின் தலையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விடுவாள். டிக், டிக். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

கண்டிப்பானவள், நேர்மையானவள். ஒரே ஒரு வாரத்தைத் தவிர.

நான்கு மாதத்துக்கு முன், பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து படுத்த படுக்கையாக வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் அது. அவருக்குப் பேச்சு போய்விட்டது, வலது பக்கம் விழுந்துவிட்டது. கம்பெனியில் பதிவு செய்தும் நர்ஸ் வந்து சேரவில்லை, லீவும் கிடைக்கவில்லை. அப்பாவின் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகாத வீடுகளுக்குப் போனதாகப் படிவங்களை நிரப்பினாள். எல்லாவற்றிலும் குறிப்பு ஒன்றுதான்: ‘நோயாளி உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. எல்லாம் திருப்தி.’ வீட்டில் வைக்க வேண்டிய நகல்களை நர்ஸுகள் கையில் கொடுத்தனுப்பினாள். அந்த வாரப் பட்டியலில் முதல் வீடு இது. இரண்டாவது அவள் வீடே. சொந்த வீட்டை வேறொரு அதிகாரி பார்க்க வேண்டும் என்பது விதி. தினமும் பார்க்கிற அப்பாவுக்கு இன்னொரு ஆள் எதற்கு என்று அதையும் அவளே எழுதிக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்தவள்தான்.

கதவைத் திறந்தது மருமகள். மத்தியான ஷிஃப்டுக்கு ஆபீஸ் கிளம்பும் அவசரம் அவள் தலைமுடியில் தெரிந்தது.

"வாங்க மேடம். போன தடவை நீங்க வந்தப்ப நான் இல்ல."

"பரவால்ல. பேஷண்ட் எப்படி இருக்காங்க?"

"அத்தையா? ரொம்ப அமைதியா இருக்காங்க. தொந்தரவே இல்ல."

அத்தை ஒரு காலத்தில் டைப்பிங் டீச்சர். இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். அறைக் கதவைத் திறந்ததும் ஃபினாயில் வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாடை. இந்த வேலையில் பத்து வருஷம் இருந்தவளுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜன்னல் பக்கம் வெயில் நன்றாக விழுந்தது. கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. டீச்சர் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி வாசலில் நின்றவளைப் பார்த்தார். மறுபடி நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னொருத்தியா?" என்றார்.

மருமகள் சிரித்து மழுப்பினாள். "அப்பப்ப இப்படித்தான் மேடம். வயசாயிடுச்சில்ல."

பகல் நர்ஸ் கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையை எடுத்து நீட்டினாள். திருப்பிப் படுக்க வைத்த நேரங்களின் அட்டவணை. ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. டிக் மேடம் முதலில் மெச்சிக்கொண்டாள். அப்புறம்தான் கவனித்தாள்.

ஒவ்வொரு டிக்கின் வால் நுனியிலும் ஒரு சின்னச் சுழி.

"இதெல்லாம் யார் போட்டது?"

"நான் வர்றப்பவே போட்டிருக்கும் மேடம். அக்கா திருப்பிட்டாங்கன்னு நெனச்சுக்குவேன்."

மருமகள் திரும்பினாள். "நானா? நான் எங்க திருப்பினேன்? நீதான் பண்றேன்னு நான் நெனச்சேன்."

"ராத்திரி நர்ஸ்..." என்று ஆரம்பித்தாள் பகல் நர்ஸ்.

"அவங்களும் டிக் இருக்கு, அப்புறம் என்னன்னுதான் சொன்னாங்க."

டிக் மேடம் கையுறையை மாட்டிக்கொண்டு, நர்ஸைப் பிடிக்கச் சொல்லி, டீச்சரைப் பக்கவாட்டில் திருப்பினாள். இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நடுவில் கறுத்திருந்தது. எலும்புவரை போயிருக்கும்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "சத்தியமா மேடம், கவனிக்கக்கூடாதுன்னு இல்ல. இந்த ரூமுக்குள்ள வந்தாலே யாரோ ஏற்கனவே கூட இருக்கிற மாதிரி இருக்கும். அத்தைய யாரோ பாத்துக்கறாங்கன்னு மனசு அசந்து போயிடும். ஏன்னு தெரியல."

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. இப்பவே."

இருவரும் வெளியே ஓடினார்கள். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது.

டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். குரல் காதுக்கருகே மட்டும் கேட்டது.

"அவள எழுந்து போகச் சொல்லும்மா."

"யாரை டீச்சர்?"

"நாற்காலியில இருக்காளே. நாலு மாசமா உக்காந்திருக்கா. தண்ணி கேட்டா, தண்ணி குடுத்தாச்சுன்னு எழுதறா. வலிக்குதுன்னா, வலி இல்லன்னு எழுதறா. நான் முழிச்சுக்கிட்டே இருக்கேன், தூங்கறான்னு எழுதறா. உன்ன மாதிரியே இருக்கா. ஆனா அவ கண்ண சிமிட்டறதே இல்லம்மா."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அறையில் எங்கே இருட்டு? பளிச்சென்று வெயில்.

டிக், டிக்.

அவள் பேனா பைக்குள் இருந்தது.

அலமாரியில் இருந்த கோப்பை எடுத்துத் தன் பழைய படிவத்தைத் தேடினாள். வந்த நேரம்: 11.00. குறிப்பு, கையெழுத்து, தேதி எல்லாம் சரி.

போன நேரம்: ஒன்றுமில்லை. அவசரத்தில் விட்டிருக்கிறாள்.

வந்ததாக எழுதிவிட்டாள். போனதாக எழுதவில்லை.

வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுத்து, அப்போதைய நேரத்தை அந்தக் கட்டத்தில் எழுதினாள். 12.40.

நாற்காலியின் கால் தரையில் கிறீச்சிட்டது.

டீச்சரின் கண்கள் நாற்காலியிலிருந்து மெல்ல உயர்ந்து, அவளைக் கடந்து, கதவுவரை போய் நின்றன. நான்கு மாதம் அடக்கி வைத்ததுபோல ஒரு மூச்சு அவரிடமிருந்து வந்தது.

"போயிட்டா."

டிக் மேடம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான் வாயத் திறந்து பேசினா. அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னு சொன்னா."

அடுத்த வீடு.

முதல் வீட்டிலிருந்து கிளம்பாதவள் இரண்டாவது வீட்டுக்கு எப்படிப் போயிருப்பாள்? இத்தனை நாள் போகவில்லை. இப்போது அவளே வழியனுப்பி வைத்துவிட்டாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்பது கடமை. நின்றாள். ஒவ்வொரு நிமிஷமும் முள்மேல் நின்றாள். டீச்சரை ஏற்றிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் பறந்தாள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையிலிருந்த தம்ளர் நழுவியது.

"நீங்க உள்ள அப்பா பக்கத்துல இருக்கீங்கன்னு நெனச்சேனே மேடம்!"

அப்பா விழித்திருந்தார். அவர் கண்கள் கட்டிலருகே இருந்த காலி நாற்காலியை விட்டு நகரவில்லை. நான்கு மாதத்துக்கு முன் அவள் உட்கார்ந்து எழுதிய அதே நாற்காலி. தொட்டுப் பார்த்தாள். இருக்கை சூடாக இருந்தது.

கோப்பைத் திறந்தாள். அப்பாவின் படிவத்தில் அன்று அவள் எந்த நேரத்தையும் எழுதியிருக்கவில்லை. அப்புறம் எழுதலாம் என்று விட்டது நினைவிருக்கிறது. இப்போது வந்த நேரம் எழுதியிருந்தது. 12.40. அவள் கையெழுத்துதான், மை புதிது. அதற்குக் கீழே அவளே எழுதிய பழைய வரி: நோயாளி உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.

போன நேரம் காலி.

பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்தாள். ஒரு எண், ஒரு புள்ளி, இரண்டு எண். எழுதினால் போதும், போய்விடும்.

பட்டியலில் மூன்றாவது வீடு நினைவுக்கு வந்தது. அங்கே ஆறு வயதுப் பெண் குழந்தை. தொண்டையில் மூச்சுக்குழாய். மணிக்கு ஒரு தடவை சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும். அந்த வீட்டிலும் எல்லோரும் நல்லவர்கள்தான். அந்த வீட்டிலும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று மனசு அசந்துபோகும்.

பேனாவைக் கீழே வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு தலைமை அதிகாரிக்குப் போன் செய்து அந்த வாரக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"என்னம்மா சொல்ற நீ? உன் வேல போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சார். அந்தப் பட்டியல்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் இன்னிக்கே ஆள் அனுப்புங்க. படிவத்தப் பாக்க வேணாம். முதுகத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

வேலை போனது. டீச்சர் பிழைத்துவிட்டார். குழந்தை வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று தகவல் வந்தது.

அவள் அப்பாவின் கட்டிலை விட்டு நகரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அட்டையைப் பார்ப்பாள். கட்டத்தில் டிக் ஏற்கனவே விழுந்திருக்கும். அதைச் சட்டை செய்யாமல் அப்பாவைத் திருப்புவாள். அப்பா இடது கையால் அவள் விரலை அழுத்துவார். அவரும் தூங்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவர் கண்ணை மூடினால் படிவத்தில் இருக்கும் வரி உண்மையாகிவிடும்.

"தூங்காதீங்கப்பா. நான் இருக்கேன்."

நான்காம் நாள் மத்தியானம் மின்விசிறிக் காற்றில் அவள் தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது. ஒரு நிமிஷம்தான் என்று தோன்றியது.

விழித்தபோது வெயில் ஜன்னலை விட்டு எதிர்ச் சுவருக்கு வந்திருந்தது. அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. அட்டையில் இரண்டு மணிக்கு ஒரு டிக், நான்கு மணிக்கு ஒரு டிக். இரண்டுக்கும் சுழி இருந்தது. இரண்டு மணிக்குத் திருப்பியது அவளுக்கு நினைவிருக்கிற மாதிரி இருந்தது. நான்கு மணிக்கும் நினைவிருக்கிற மாதிரிதான் இருந்தது. டிக்கைப் பார்க்கப் பார்க்க, ஆமாம், திருப்பிவிட்டேன், எல்லாம் திருப்தி என்று மனசு இதமாக அசந்தது.

அந்த இதம்தான் அவளை நடுங்க வைத்தது.

"அப்பா?"

அவர் விரல் அவள் கையை அழுத்தவில்லை. தன் கையை மெல்ல அவர் முதுகுக்கடியில் நுழைத்தாள்.

நாற்காலியில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.