கெஷிக் பை

நாரின் என்ற மலையூரில் கல்யாண விருந்து முடிந்து யாரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கென்று ஒரு பை கட்டித் தருவார்கள். அதுதான் கெஷிக். அன்று சிறுமி செசிமின் பையில் ஆட்டுக்கறி, பொரித்த மாவுத் துண்டு, சாக்லேட் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

அம்மா விருந்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் தேயிலை வாங்கிப் போகச் சொல்லி செசிமை அனுப்பினார். தம்பி பெக்தூரும் உடன் வந்தான்.

கடைக்குள் நுழைந்ததும் பெக்தூர் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துத் தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டான். அதே சாக்லேட் அந்தக் கடை அலமாரியிலும் இருந்தது. தேயிலையோடு வெளியேறும்போது காவலாளி மறித்தார்.

"பையைக் கொட்டு. இல்லன்னா ரெண்டு பேரையும் உள் அறையில வெச்சுப் பூட்டிருவேன்."

பெக்தூர் அழத் தொடங்கினான். வரிசையில் நின்ற வகுப்புத் தோழி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பள்ளி முழுக்கச் செசிமுக்குத் திருடி என்று பெயர் வந்துவிடும். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் எடுத்ததாகத்தானே ஆகும்?

போன மாதம் வகுப்புக்கு வந்த காவல்துறை அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. சந்தேகம் இருந்தால் கடைக்காரர் போலீசைக் கூப்பிடலாம். பையைச் சோதிக்க அவருக்கு உரிமை இல்லை.

செசிம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அண்ணே, பையில நீங்க கை வைக்கக் கூடாது. உள் அறைக்கும் வரமாட்டோம். போலீசைக் கூப்பிடுங்க, எங்கம்மாவையும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இங்கயே நிக்கிறோம்."

"சட்டம் பேசுறியா? முதல்ல ஒழுகுற மூக்கைத் தொடை."

செசிம் தன் மூக்கைத் துடைத்தாள். தம்பியின் மூக்கையும் துடைத்தாள். பிறகு அம்மாவின் எண்ணைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். வேறு வழியில்லாமல் காவலாளி போனை எடுத்தார்.

அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். போலீஸ்காரரும் வந்தார். அவர் முன்னால் அம்மாவே பையைத் திறந்தார். எல்லாச் சாக்லேட்டிலும் ஆட்டுக்கொழுப்பு அப்பியிருந்தது. பெக்தூர் கையில் கசங்கிய தாளிலும் அதே கொழுப்பு.

"உங்க கடையில இப்படித்தான் விக்கிறீங்களா?" என்று போலீஸ்காரர் காவலாளியைக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காவலாளிக்குக் காது சிவந்தது. தான் அவசரப்பட்டுவிட்டதாகப் பிள்ளைகளிடம் மெல்லச் சொன்னார்.

திறந்த கெஷிக்கைச் சுற்றியிருப்பவர்களுக்குக் கொடுக்காமல் மூடும் வழக்கம் அங்கே இல்லை. போலீஸ்காரர் ஒன்று எடுத்தார். தோழியும் ஒன்று எடுத்தாள். காவலாளி மட்டும் தள்ளி நின்றார்.

செசிம் அவரிடம் போய்ப் பையை விரித்துக் காட்டினாள்.

"இப்ப கை வைக்கலாம், அண்ணே."